வண்டி தள்ளுகிறவர்

என் கணவரின் வயிற்றைப் பார்த்துச் சிரிக்காத வைத்தியர் ஒருவரைக்கூட நான் வெகுகாலம் கண்டதில்லை. பல்லுக்குப் போனாலும் சிரிப்பு, கண்ணுக்குப் போனாலும் சிரிப்பு. ஒருமுறை உள்ளங்காலில் துருப்பிடித்த ஆணி ஏறி, ஊசி போடக் கூட்டிக்கொண்டு போனேன். துணி சுற்றிய காலிலிருந்து இரத்தம் நிலத்தில் சொட்டுகிறது. ஊசியைக் கையில் பிடித்தபடி அந்த வைத்தியர் இவருடைய வயிற்றைப் பார்த்து, “எத்தனை மாதம்?” என்று கேட்டார். இவர் விடுவாரா? “இரட்டைப் பிள்ளை எண்டு சொல்லுகினம் டொக்டர்” என்றார். அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்த ‘எத்தனை மாதம்’ பகிடியை உலகத்தில் முதலில் சொன்னவன் எவனோ, அவன் என் கையில் அகப்பட்டால் முழுசாக வீடு போய்ச் சேரமாட்டான்.

கை வீங்கினால் யாரும் சிரிப்பதில்லை. கழுத்து வீங்கினாலும் சிரிப்பதில்லை. வயிறு வீங்கினால் மட்டும், அதுவும் ஆணின் வயிறு வீங்கினால், தட்டிப் பார்த்துச் சிரிக்கிறார்கள். தட்டிப் பார்க்கிறார்கள் என்று சொல்வதும் பிழை. தட்டுகிறார்கள், பார்ப்பதில்லை.

எங்கள் பக்கத்தில் முன்னுக்குத் தள்ளிக்கொண்டு நிற்கும் வயிற்றுக்குப் பெயர் வண்டி. மாடு இழுப்பது வண்டில். அதில் ஒரு ‘ல்’ இருக்கிறது, இதில் இல்லை. பத்திரிகைக்காரர்கள் முச்சக்கர வண்டி என்று எழுதுவார்கள், ஆனால் அதில் ஏறிப் போகிற நாங்கள் ஓட்டோ என்றுதான் சொல்லுவோம். திருகோணமலையில் நின்றுகொண்டு ‘அவருக்கு வண்டி’ என்றால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். குடித்துக் குடித்து வந்ததென்றால் பியர் வண்டி. அந்த ஒற்றை ‘ல்’ இல்லாததால் என் வீட்டில் நடந்ததைத்தான் சொல்லப்போகிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். ஊர் முழுக்கச் சிரித்து முடித்த கதைதான்.

அவர் படகு எஞ்சின் திருத்துகிறவர். உள்துறைமுகப் பக்கம் எங்கள் வீடு, வீட்டோடு ஒட்டின தகரக் கொட்டகை அவருடைய வேலைத்தலம். சல்லியிலிருந்தும் உப்புவெளியிலிருந்தும் எஞ்சினை ஓட்டோவில் போட்டுக்கொண்டு வருவார்கள். கெட்டிக்காரன், அதை மறுக்க மாட்டேன். எஞ்சின் இருமுகிற சத்தத்தைக் கேட்டே எங்கே வருத்தம் என்று சொல்லிவிடுவார். தன் உடம்பு இருமினால் மட்டும் காது கேட்காது. பின்னேரம் எஞ்சின் வேலை செய்தால் அந்தச் சந்தோசத்துக்குப் பியர். வேலை செய்யாவிட்டால் அந்தக் கவலைக்குப் பியர். பௌர்ணமிப் போயா நாளில் கடை பூட்டு என்பதால் முதல்நாளே வாங்கி, என் மீன் வைக்கிற ஐஸ் பெட்டிக்குள் ஒளித்து வைப்பார். சாராயம் தொடமாட்டார். அதில் அவருக்குப் பெரிய பெருமை. “நான் குடிகாரன் இல்லை, பியர்தான் பாவிக்கிறனான்” என்பார். குளிக்கிற சவர்க்காரம் பாவிக்கிறதைப் போலச் சொல்லுவார்.

நான் குசினியில் மத்தியானச் சாப்பாட்டுப் பார்சல் கட்டுகிறவள். துறைமுகத்தில் சாமான் இறக்குகிற ஆட்களுக்கு என் சோறு போகிறது. அந்த ஆட்களில் ஒருவருக்கும் வண்டி இல்லை. என் சோற்றால் வந்த வண்டி என்று யாராவது சொன்னால் அங்கே கொண்டுபோய் வரிசையில் நிறுத்திக் காட்டுவேன்.

இவருக்கு ஒரு கூட்டாளி. சல்லியில் படகு வைத்திருக்கிறவர், பள்ளிக்கூடக் காலத்துச் சிநேகம். பியர்ப் போத்தல்கள் ஒன்றோடொன்று இடிபடுகிற சத்தம் கேற்றடியில் கேட்டால், பின்னாலேயே அவருடைய குரலும் கேட்கும். இவர் கொட்டகையை விட்டு வெளியே வரும்போதெல்லாம் அந்த ஆள் சொல்லுவதற்கு ஒரு வசனம் வைத்திருந்தார்.

“வண்டி முன்னுக்கு வருது, விலத்துங்கோ! ஆள் பின்னுக்கு வாறார்!”

ஒவ்வொரு முறையும் இதையேதான் சொல்லுவார். ஒவ்வொரு முறையும் இவரும் புதிதாகக் கேட்டதுபோலச் சிரிப்பார். பெற்றோலுக்கு நாடே வரிசையில் கிடந்த காலத்தில் இரண்டு பேரும் கொட்டகைக்குள் இருந்து, “இந்த வண்டிக்குக் கியூ இல்லை மச்சான்” என்று சொல்லிச் சொல்லி ஊற்றிக்கொண்டார்கள். படகு கரையில், எஞ்சின் வேலை இல்லை, வீட்டில் காஸ் இல்லை. நான் முற்றத்தில் கல்லு வைத்து விறகில் சமைத்துக்கொண்டிருந்தேன். புகைக்குள் இருந்து அந்தச் சிரிப்பைக் கேட்டபோது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.

போன வருடம்தான் அந்த வயிறு மாறத் தொடங்கியது. முன்பும் பெரிதுதான், ஆனால் அது அவரோடு சேர்ந்து நடந்தது, அவரோடு சேர்ந்து படுத்தது. இப்போது அது தன்பாட்டில் வளர்ந்தது. சாரத்தை வயிற்றுக்குக் கீழே கட்டினார், பிறகு இன்னும் கீழே கட்டினார். இரண்டு வாய் சாப்பிட்டதும் போதும் என்று தட்டைத் தள்ளினார். சப்பாத்துப் போட்டால் பின்னேரம் கழற்ற ஏலவில்லை. கொட்டகையிலிருந்து குசினிக்கு வருவதற்குள் மூச்சு வாங்கியது. நான் சண்டை பிடித்தேன். அவர் பகிடி விட்டார். கடைசியில் ஒருநாள் சாப்பாட்டுப் பார்சல் கட்டுவதை நிறுத்திவிட்டு, சேலையை மாற்றிக்கொண்டு வந்து முன்னால் நின்றேன். வேறு வழியில்லாமல் டிஸ்பென்சரிக்கு வந்தார்.

அங்கே இருந்தவர் தெற்கிலிருந்து வந்த சிங்களப் பெடியன் டொக்டர். தமிழ் வகுப்புக்குப் போய்ப் படித்தவர், மிச்சத்தைத் தமிழ்நாட்டுப் படங்கள் பார்த்துப் பிடித்துக்கொண்டாராம். அவருடைய தமிழில் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. என் சிங்களம் சந்தையில் கத்தரிக்காய் வாங்கத்தான் காணும். நோயாளியோடு அவரவர் பாஷையில் கதைக்க வேண்டும் என்று நினைத்த மனிசன், அதற்காக மரியாதை இருக்கிறது. ஆனால் உள்ளே போனதும் அவர் செய்த முதல் வேலை என்ன? பேனையால் இவருடைய வண்டியில் தட்டி, “எத்தன மாசம்?” என்று கேட்டதுதான். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. இவர் வாயைத் திறக்க முதல் நான் முந்திக்கொண்டேன்.

“டொக்டர், இவருக்கு வண்டி நல்லாப் பாரமாப் போச்சு. தூக்கிக்கொண்டு நடக்க ஏலாமல் கிடக்கு. மூச்சு வாங்குது. பின்னேரத்தில கால் ரெண்டும் வீங்குது.”

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கவனமாகக் கேட்டார். நல்லது என்று நினைத்தேன்.

“வண்டி எத்தன வருசமா?”

“அது கனகாலம் டொக்டர். கலியாணம் முடிச்ச கையோட துவங்கினது.”

“இழுக்கிறதா, தள்ளுறதா?”

எனக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. இவருக்கு விளங்கிவிட்டது. அந்தக் கணத்திலேயே விளங்கியிருக்க வேண்டும், ஏனென்றால் முகத்தில் ஒரு பிரகாசம் வந்தது. “தள்ளுறது டொக்டர்” என்றார். “முன்னுக்குத்தான் தள்ளுறது. நல்லாத் தள்ளிக்கொண்டு நிக்குது.”

டொக்டர் எழுந்து வந்து இவருடைய முதுகை அமத்தினார். தோளை அமத்தினார். முழங்காலை மடக்கி நீட்டினார். அதைச் செய்ய அந்த வயிற்றைச் சுற்றிக்கொண்டுதான் போகவேண்டி இருந்தது, சுற்றிக்கொண்டே போனார். வெயிலுக்குள் நின்றால் கால் வீங்கும், இந்த வயதில் இது பெரிய பாரம் என்றார். நோவுக்குக் குளிசையும், முதுகுக்குப் பூச ஒரு களிம்பும் எழுதினார்.

“ரெண்டு கிழமைக்கு வண்டி தொட வேணாம். மகன் இருக்கா? வண்டிய மகன்கிட்ட குடுங்க.”

“எனக்கு மகள்தான் டொக்டர். அவ இப்ப சொந்தமா ஒண்டு வைச்சிருக்கிறா” என்றார் இவர்.

எங்கள் மகள் மட்டக்களப்பில் கர்ப்பமாக இருந்தாள்.

“அப்பிடியா? நல்லது, நல்லது. பொம்புள பிள்ளைங்களும் இப்ப எல்லா வேலையும் செய்றாங்க.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்த மனிதனுக்கு நான் சொன்னது வண்டிலாகக் கேட்டிருக்கிறது. என் கணவர் சந்தையில் சாமான் வண்டில் தள்ளிப் பிழைக்கிறவர் என்று நினைத்து வைத்தியம் பார்த்திருக்கிறார். நான் “இல்லை டொக்டர்” என்று தொடங்கினேன். இவர் என் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கதவுக்கு வந்துவிட்டார். அடுத்த ஆள் உள்ளே போய்க் கதிரையில் இருந்துவிட்டது. திரும்பிப் போவதற்குக் கையை உதறினேன், விடவில்லை. வெளியே வந்து மதிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணால் தண்ணீர் வந்தது. மூச்சு முட்டியது, இருமினார், திரும்பவும் சிரித்தார்.

“விசரே உங்களுக்கு? வாங்கோ, திரும்பப் போய் விளக்கமாச் சொல்லுவம்” என்றேன்.

“என்னத்துக்கு? டொக்டர் பாத்திட்டார், மருந்து தந்திட்டார். வண்டியைத் தொட வேண்டாமாம். இனி நீயும் தொடக்கூடாது.”

அன்று அந்த ரோட்டிலேயே அவரை விட்டுவிட்டுத் தனியாக நடந்து வந்தேன். கோபம் கோபம்தான், ஆனால் அதற்குள் பயம் இருந்தது. எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும். அது அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அதையும் பகிடியாக்குவார்.

கதை பொழுதுபடுவதற்குள் சல்லிக்குப் போய்விட்டது. கூட்டாளி அதைக் கொண்டுபோய்ப் படகுக்குப் படகு சொல்லியிருக்கிறார். எஞ்சின் கொண்டு வருகிறவர்கள் எல்லாம் வாசலில் நின்று, “வண்டி தள்ளுறவர் நிக்கிறாரோ?” என்று கேட்டார்கள். வயிற்றைச் சொறியக் கையைக் கொண்டுபோனால், “தொட வேணாம், தொட வேணாம்” என்று கத்தினார்கள். என் பார்சல் வாங்க வருகிறவர்களும் கேட்டார்கள். ஒருவனுக்கு நான் கறி வைக்காமல் வெறுஞ்சோறு கட்டிக் கொடுத்தேன். திரும்பி வந்து கேட்டான். “வண்டி தள்ளுறவரிட்டக் கேள்” என்றேன்.

இவரோ நோக்குளிசையை ஒழுங்காகப் போட்டார். வாழ்க்கையில் ஒரு மருந்தும் ஒழுங்காகப் போடாதவர், இதை மட்டும் விடாமல் போட்டார், முடிந்ததும் தானே வாங்கியும் போட்டார். பியரால் விழுங்கினார். பகிடியோடு சேர்ந்து வந்த மருந்தல்லவா. நான் ஆஸ்பத்திரி என்று வாயெடுத்தால் அவரிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. “டொக்டர் ஏற்கனவே பாத்திட்டார்.” அந்தப் பகிடிக்குப் பின்னால் போய் ஒளித்துக்கொண்டார். பகிடியோடு நான் எப்படிச் சண்டை பிடிப்பது? ஆளோடு என்றால் பிடிக்கலாம்.

அந்த நாட்களில், ஊருக்குள் திரிந்து எங்கள் ரோட்டுக்கும் வருகிற மான்களில் ஒன்றுக்கு வயிறு ஊதியது. நான் கீரைத் தண்டும் மரக்கறித் தோலும் கேற்றுக்கு வெளியே போடுவேன், அவை வந்து தின்னும். இந்த மான் தின்னாமல் நின்றது. வயிறு இரண்டு பக்கமும் தள்ளியிருந்தது. உடனே ஆட்கள் கூடிவிட்டார்கள். பொலித்தீன் தின்றிருக்கும், பாவம், வாயில்லாச் சீவன் என்றார்கள். போனில் படம் எடுத்தார்கள். யார் யாருக்கோ அறிவித்தார்கள். மாட்டு வைத்தியரைக் கூட்டிவர ஒருவர் மோட்டார் சைக்கிளில் போனார். இவரும் கொட்டகையிலிருந்து வெளியே வந்து, தன் வண்டியை மதிலில் சாய்த்துக்கொண்டு, “பாவம்” என்றார். நான் மானைப் பார்த்தேன், இவரைப் பார்த்தேன், அந்தக் கூட்டத்தைப் பார்த்தேன். ஒருவராவது இந்தப் பக்கம் திரும்பி இந்த வயிற்றுக்குள் என்ன என்று கேட்பாரா? கேற்றை அடித்துச் சாத்திவிட்டு உள்ளே போனேன். மான் செத்துப்போயிற்று.

மகள் பிள்ளைப்பேற்றுக்கு வீட்டுக்கு வந்தாள். தகப்பனும் மகளும் விறாந்தையில் வயிற்றோடு வயிறு வைத்து நிற்க, கூட்டாளி படம் எடுத்தார். யாருடையது பெரிது என்று பந்தயம். மகளும் சிரித்தாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், தகப்பனுடைய செல்லம், தகப்பனைச் சிரிப்பில்தான் அவளுக்குத் தெரியும். பிறகு அவள் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“அப்பா, உங்கட தொப்புள் வெளியில வந்திட்டுது. என்ர மாதிரியே இருக்கு.”

எல்லோரும் இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். குழியாக இருந்த தொப்புள் விரல் நுனி அளவுக்கு வெளியே தள்ளியிருந்தது. தோல் மினுங்கியது, அதற்குக் கீழே நீல நரம்புகள். ஒன்பதாம் மாதத்து வயிற்றை எனக்குத் தெரியும், நான் சுமந்திருக்கிறேன். ஆணுக்கு அந்த வயிறு எதற்கு? குந்தி இருந்து அவருடைய காலைப் பெருவிரலால் அமத்தினேன். ரொட்டிக்குக் குழைத்த மாவில் விரல் வைத்ததுபோலக் குழி விழுந்தது. எடுத்த பிறகும் அப்படியே நின்றது. நிமிர்ந்து கண்ணைப் பார்த்தேன். வெள்ளையாக இருக்கவேண்டிய இடம் மஞ்சளாக இருந்தது.

“நாளைக்குப் பெரியாஸ்பத்திரிக்குப் போறம்” என்றேன்.

“டொக்டர் ஏற்கனவே…”

“அந்தக் கதையை இன்னொருக்கா இந்த வீட்டில எடுத்தால் அம்மியைத் தூக்கித் தலையில போடுவன்.”

கூட்டாளி “தங்கச்சி, கோவிக்காதேங்கோ” என்றார். அவருடைய பையைத் தூக்கிக் கேற்றுக்கு வெளியே வைத்தேன். வைத்தேன் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். போத்தல் உடைந்த சத்தம் அயலெல்லாம் கேட்டது.

அவர் வரமாட்டேன் என்றார். கத்தினேன், அழுதேன், பலிக்கவில்லை. அடுத்த கிழமை மகளுக்கு ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிக் கிளினிக். மகளைத் தனியாக அனுப்ப ஏலாது, நீங்களும் வாங்கோ என்று ஓட்டோவில் ஏற்றினேன். மகளை அவளுடைய கிளினிக்கில் இருத்திவிட்டு, இவரைக் கையில் பிடித்து வெளிநோயாளர் பக்கம் கொண்டுபோனேன். வரிசையில் நின்ற ஒருவர், “ஐயா, உங்கட கிளினிக் அந்தப் பக்கம்” என்று மகள் இருந்த பக்கத்தைக் காட்டினார். வரிசை சிரித்தது. இவரும் சிரித்தார், ஆனால் மூச்சு வாங்கிய சிரிப்பு. என் கையை உதறிவிட்டுப் போக அவருக்குப் பலம் இருக்கவில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது, பிடியை இன்னும் இறுக்கினேன்.

வரிசையில் நிற்கும்போதே சொல்லவேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். இந்தமுறை அந்தச் சொல்லை வாயில் எடுப்பதில்லை. உள்ளே இருந்தது எங்கள் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளை, என் மகளைவிடக் கொஞ்சம் மூத்தவளாக இருப்பாள். வண்டி என்றாலும் அவளுக்கு விளங்கியிருக்கும். ஆனாலும் சொல்லவில்லை.

“வயிறு” என்றேன். “இவருக்கு வயிறு வீங்கிக்கொண்டு போகுது. காலும் வீங்குது. கண் மஞ்சள். சாப்பாடு இறங்குதில்லை.”

“எத்தனை மாதம் எண்டு கேளுங்கோ டொக்டர்” என்றார் இவர்.

அவள் சிரிக்கவில்லை. கட்டிலில் படுக்கச் சொன்னாள். ஒரு கையை வயிற்றில் விரித்து வைத்து, மற்றக் கை விரலால் அதன்மேல் தட்டினாள். நடுவில் தட்டினாள், பக்கத்தில் தட்டினாள். மறுபக்கம் திரும்பிப் படுங்கோ என்றாள், திரும்பவும் தட்டினாள். இவர் எஞ்சினுக்குக் காது வைக்கிற மாதிரி அவள் குனிந்து கேட்டாள். இத்தனை வருடத்தில் அந்த வயிற்றைத் தட்டிய கைகளில், தட்டிவிட்டுக் கேட்ட கை அது ஒன்றுதான். எனக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

“இது வண்டி இல்லை ஐயா” என்றாள். “தண்ணி.”

இவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். “ஓம் டொக்டர், தண்ணிதான். பியர்த் தண்ணி.”

“நீங்கள் அடிக்கிற தண்ணி இல்லை. ஈரல் பழுதாகிப் போனால் வயித்துக்குள்ள ஊறுற தண்ணி. கொழுப்பு எண்டு நினைச்சுக்கொண்டு இருந்திருக்கிறீங்கள். நோக்குளிசை ஏதும் போட்டனீங்களோ?”

நான் சொன்னேன். யார் தந்தது, ஏன் தந்தது என்று கேட்டாள். அதையும் சொன்னேன், வண்டி, வண்டில், தள்ளுகிறது எல்லாம் சொன்னேன். ஊரையே உருட்டிச் சிரிக்க வைத்த கதையைச் சிரிக்காமல் ஒருவர் கேட்டது அன்றுதான். முடிவில் அவள், “பியரோட சேர்த்தா போட்டவர்?” என்று மட்டும் கேட்டாள். ஓம் என்றேன். எழுதிக்கொண்டு, வார்ட்டில் தங்கி நிற்க வேண்டும் என்றாள்.

வார்ட்டில் வயிற்றின் பக்கத்தில் ஊசி ஏற்றி, ஒரு குழாயைக் கட்டிலுக்குக் கீழே இருந்த போத்தலுக்குள் விட்டார்கள். பார்வையாளர் நேரத்துக்குப் போனபோது போத்தல் நிறைந்துகொண்டிருந்தது. நான் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பினேன். நல்ல வெளிச்சமான மஞ்சள், மேலே மெல்லிய நுரை. அந்த நிறத்தை நான் என் ஐஸ் பெட்டிக்குள் எத்தனையோ வருடம் பார்த்திருக்கிறேன். பக்கத்துக் கட்டில்காரர் பார்த்தார், அவருடைய மனைவி பார்த்தாள். எல்லோருடைய வாயிலும் அந்த வார்த்தை நின்றது.

கூட்டாளி தோடம்பழப் பையோடு வந்தார். கட்டிலைப் பார்த்தார், குனிந்து கீழே பார்த்தார். வாய் திறந்தது. அது என்ன சொல்லப்போகிறது என்று எனக்குத் தெரியும். கதிரையை விட்டு எழும்பி அவருக்கு முன்னால் போய் நின்றேன்.

“சொல்லுங்கோ” என்றேன். “ஏன் நிப்பாட்டினீங்கள்? நல்ல பகிடி. சொல்லிப் பாருங்கோ.”

வாயை மூடிக்கொண்டார். தோடம்பழப் பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். இவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். அந்தப் போத்தலைப் பார்த்து முதலில் பகிடி விட்டிருக்கவேண்டியவர் இவர்தான். விடவில்லை. அப்போதுதான் எனக்கு உண்மையாகவே பயம் பிடித்தது.

ஈரல் காய்ந்து இறுகிப்போய்விட்டது என்று அந்தப் பிள்ளை பிறகு எனக்கு விளக்கமாகச் சொன்னாள். இருக்கிற கொஞ்சத்தைக் காப்பாற்றலாம், போனது வராது. இனி ஒரு சொட்டும் படக்கூடாது. உப்பைக் குறைக்க வேண்டும். தண்ணீர் திரும்பவும் ஊறினால் திரும்பவும் எடுக்க வேண்டும். எவ்வளவு காலம் என்று கேட்டேன். அவருடைய கையிலதான் இருக்கு அம்மா என்றாள். அதைவிட மோசமான ஒரு பதிலை எனக்கு ஒருவரும் சொன்னதில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மகளுக்குப் பிள்ளை பிறந்து, அறைக்குள் சாம்பிராணிப் புகை வாசம், பிள்ளை பெற்றவளுக்கு வைக்கிற சரக்குக் கறி வாசம். அவளுடைய வயிறும் போயிருந்தது, தகப்பனுடைய வயிறும் போயிருந்தது. ஆஸ்பத்திரிச் சாரத்தை மாற்றுவதற்கு இவர் அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்றார். பழைய சாரத்தைச் சுற்றி இடுப்பில் செருகினார். விட்டதும் விழுந்தது. இன்னும் இறுக்கிச் செருகினார். திரும்பவும் விழுந்தது. பிடித்து வைத்திருக்க அங்கே ஒன்றும் இல்லை.

நான் வாசலில் நின்று பார்த்தேன். நெஞ்சு எலும்பு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. கை இரண்டும் குச்சி. தோளில் இருந்த சதை எங்கே போனது? எஞ்சின் தூக்கிய தோள் அது. வயிற்றில் வெறும் தோல் மடிந்து தொங்கியது. நாங்கள் எல்லோரும் முன்னுக்கு வந்த வண்டியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டும் ஏசிக்கொண்டும் இருந்திருக்கிறோம். பின்னுக்கு வந்த ஆள் இவ்வளவுதான் மிச்சம்.

அவர் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டார்.

“நான் எப்ப இவ்வளவு மெலிஞ்சனான்?”

எனக்கு இரக்கம் வந்தது. கோபமும் விட்டுப்போகவில்லை. பார்சல் கட்டுகிற நூலில் ஒரு முழம் அறுத்துக்கொண்டு வந்து, சாரத்தை அவருடைய இடுப்பில் சேர்த்துக் கட்டினேன்.

“எல்லாரும் சிரிச்சுக்கொண்டிருக்கேக்க” என்றேன்.